பைன் பட்டையில் ஒரு வேட்டைக்காரன்

ஒரு பிராணி எந்த நாட்டில் வாழ்கிறது என்று யாராவது கேட்டால், பூகோளப் படத்தை எடுத்து விரித்து, இன்ன அட்சரேகை தொடங்கி இன்ன அட்சரேகை வரை என்று ஒரு வண்ணத்தைத் தீட்டிக் காட்டிவிடுவது வழக்கம்; யானை, புலி முதலிய பெரிய பிராணிகளின் விஷயத்தில் அந்த முறை ஓரளவு பொருந்தவும் செய்கிறது. ஆனால் ஒரு சென்டிமீட்டர் நீளம்கூட இல்லாத ஒரு வண்டு, அதிலும் தன்னைவிடச் சிறிய வேறு வண்டுகளைத் தின்றே உயிர்வாழ்கிற ஒரு வண்டு, எங்கே வாழ்கிறது என்று கேட்கும்போது, மழையையும் வெயிலையும் மட்டும் சாட்சியாக வைத்து விடை சொல்லிவிட முடியாது. அது தின்னும் வண்டு எங்கே இருக்கிறது, அந்த வண்டு துளைக்கும் மரம் எங்கே வளர்கிறது, அந்த மரம் எந்த ஆண்டில் வலுவிழந்து நிற்கிறது என்று ஒன்றன்பின் ஒன்றாக விசாரித்துக்கொண்டு போனால்தான் உண்மை புலப்படுகிறது. வட அமெரிக்காவின் கிழக்குப் பாதியிலுள்ள பைன் காடுகளில் வாழும் தானாசிமஸ் டூபியஸ் என்ற சிறு வண்டின் வரலாறு, இத்தகைய விசாரணைக்கு மிகவும் ஏற்றது.

வசந்தத்தின் தொடக்கத்தில், டெக்ஸாஸ் மாநிலத்தின் கிழக்கு எல்லையையொட்டிய காடுகளில், பட்டைத்துளைப்பான் வண்டுகளால் புதிதாகத் தாக்கப்பட்ட ஒரு பைன் மரத்தின் அடிப்பட்டையைச் சற்றுப் பொறுமையாக உற்றுப்பார்ப்பவர்களின் கண்ணுக்கு இது தென்படும். நீளம் 7.5 முதல் 9 மில்லிமீட்டர் வரை. தலையும் கழுத்துப்பகுதியும் செம்பழுப்பு நிறம். முதுகை மூடும் கெட்டியான மேலிறகுகள் தோளருகே அதே செம்மையுடன் தொடங்கிப் பின்னர் கருத்துவிடுகின்றன. அந்தக் கருமையின் குறுக்கே, நுண்ணிய வெண்மயிர்கள் நெருங்கிப் படர்ந்ததனால் உண்டான இரண்டு வளைந்த பட்டைகள் ஓடுகின்றன. கண்கள் பிதுங்கி நிற்கும். உடல் முழுவதும் குத்திட்டு நிற்கும் மெல்லிய ரோமங்கள். அது நின்ற இடத்தில் நிற்பதில்லை. நாலடி ஓடும், திடீரென்று நிற்கும், பக்கவாட்டில் திரும்பும், மீண்டும் ஓடும். கண்ணை அதன்மேல் பதியவைப்பதற்குள், பெரிய எறும்பு ஒன்று போகிறது என்று எண்ணி நாம் ஏமாந்துவிடுகிறோம். அந்த ஏமாற்றம் தற்செயலானது அன்று என்பது பூச்சியியலாரின் அபிப்பிராயம். கடிக்கும் எறும்புகளையும், 'வெல்வெட் எறும்பு' என்று அந்நாட்டார் அழைக்கும், சிறகில்லாமல் தரையில் ஓடிக் கடுமையாகக் கொட்டும் பெண்குளவிகளையும் பறவைகள் தொடத் தயங்குகின்றன. அவற்றின் சாயலைப் பெற்ற வண்டுக்கும் அந்தத் தயக்கத்தின் பலன் கிடைத்துவிடுகிறது.

இத்தகைய பல நிறக் கோலம் உடையவையாதலால், 'கட்டம் போட்ட வண்டுகள்' என்று ஆங்கிலத்தில் வழங்கும் ஒரு பெருங்கூட்டத்தைச் சேர்ந்தது இது. கிளெரிடே என்பது அந்தக் குடும்பத்தின் சாஸ்திரப் பெயர். உலகம் முழுவதிலும் ஏறக்குறைய 3,500 இனங்களும், மெக்ஸிகோவுக்கு வடக்கேயுள்ள வட அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய 300 இனங்களும் இக்குடும்பத்தில் இதுவரை விவரிக்கப்பட்டிருக்கின்றன. பெரும்பாலானவை மாமிசபட்சிணிகள், மரத்தைத் துளைக்கும் புழுக்களையும் வண்டுகளையும் அவற்றின் சுரங்கங்களுக்குள்ளேயே தேடிச்சென்று தின்பவை. ஆயினும் ஒரே குடும்பத்தில் பிறந்தவர்கள் எல்லோரும் ஒரே தொழில் செய்ய வேண்டும் என்ற நியதி இங்கே இல்லை. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் பூக்களின்மேல் அமர்ந்து மகரந்தம் தின்னும் ட்ரைகோடஸ் வண்டுகளைப் பார்த்தால் பரம சாதுவாகத்தான் தோன்றும்; அவற்றின் புழுக்களோ தனித்து வாழும் தேனீக்களின் கூடுகளுக்குள் புகுந்து, அங்குள்ள குஞ்சுகளைத் தின்று வளர்கின்றன.

இந்தக் குடும்பத்தின் வேறோர் உறுப்பினரை நம் தமிழ்நாட்டுக் கொப்பரை வியாபாரிகளும், கடற்கரையூர்களில் கருவாடு சேமிப்பவர்களும் பெயர் தெரியாமலே நன்றாக அறிவார்கள். மினுமினுக்கும் நீலப்பச்சை உடலும் சிவந்த கால்களும் கொண்ட அந்தச் சிறு வண்டு நெக்ரோபியா ரூஃபிபஸ் என்பது. கொப்பரை, கருவாடு, உப்பிட்ட இறைச்சி ஆகிய எண்ணெய்ப்பசையுள்ள பண்டங்களைத் தின்றுகொண்டு, மனிதனுடைய கப்பல்களிலும் மூட்டைகளிலும் ஏறி உலகம் முழுவதும் பிரயாணம் செய்துவிட்டது. அதன் பரவலைக் காட்டும் படம் வேண்டுமானால் வாணிகத் துறைமுகங்களின் படத்தை எடுத்துவைத்தாலே போதும். நம் கதாநாயகனான பைன்காட்டு வண்டு அவ்வாறு மனிதனுடைய தோளில் ஏறிப் பரவியதன்று என்பதற்காகவே இதை இங்கே குறிப்பிட்டேன்.

நெக்ரோபியா என்ற பெயரைச் சொன்னவுடன், பூச்சி சாஸ்திரத்தின் சரித்திரத்திலேயே மிகவும் விசித்திரமான ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. 1762-இல் பிரான்ஸ் தேசத்தின் ப்ரீவ் என்ற ஊரில் பிறந்து, கிறிஸ்தவ குருப்பட்டம் பெற்று, ஓய்வு நேரங்களிலெல்லாம் பூச்சிகளைத் தேடி அலைந்த பியர் ஆந்த்ரே லாத்ரேய் என்பவர், புரட்சி அரசாங்கம் பாதிரிமார்களிடம் வற்புறுத்தி வாங்கிய பிரமாணத்தைச் செய்யாமல் இருந்த குற்றத்துக்காக 1793-இல் கைதானார். அடுத்த ஆண்டில் போர்தோ நகரச் சிறையில் மற்றக் கைதிகளுடன் அடைபட்டு, நாடுகடத்தலையோ மரணத்தையோ எதிர்பார்த்துக்கொண்டிருந்த நாளில், சிறைக்கூடத்தின் தரையில் ஒரு சிறு வண்டு ஊர்ந்து செல்வதைக் கண்டார். கைதிகளைப் பரிசோதிக்க வந்த வைத்தியர், இந்த மனிதர் தம் தலைவிதியைப் பற்றிய கவலையை மறந்து தரையிலிருந்த பூச்சியைக் கவனமாக ஆராய்வதைக் கண்டு வியந்து காரணம் கேட்க, அது மிகவும் அரிதான வண்டு என்று லாத்ரேய் விளக்கினாராம். வைத்தியர் அந்த வண்டைக் கொண்டுபோய், இயற்கை நூலில் ஈடுபாடு கொண்ட, பருவம் பதினாறுகூட நிரம்பாத போரி தெ சான் வேன்சான் என்ற இளைஞனிடம் கொடுத்தார். அவன் லாத்ரேயின் எழுத்துக்களை ஏற்கெனவே அறிந்தவன். அவனும் அவனுடைய நண்பர்களும் அதிகாரிகளிடம் முறையிட்டு அவரை விடுவித்தார்கள். உடனிருந்த கைதிகள் ஒரு மாதத்துக்குள் மாண்டுபோனார்கள்.

அந்த வண்டுதான் கொப்பரை வண்டின் நெருங்கிய உறவான நெக்ரோபியா ரூஃபிகாலிஸ். உயிர் தப்பிய லாத்ரேய் 1796-இல் பூச்சிகளின் பேரினங்களைப் பற்றிய தமது முதல் பெருநூலை வெளியிட்டார். 1802-இல் இந்தக் கட்டம் போட்ட வண்டுகள் அனைத்தையும் ஒரே குடும்பமாக அமைத்தார். 1806-இல் தானாசிமஸ் என்ற பேரினத்தை வகுத்தார். 1833-இல் அவர் காலமானபின் பாரிஸ் நகரத்துக் கல்லறையில் எழுப்பிய நினைவுத்தூணில், அவரை மீட்ட வண்டின் பெயரும் பொறிக்கப்பட்டது. ஒரு குடும்பத்துக்குப் பெயர் சூட்டியவர் அக்குடும்பத்தின் உறுப்பினர் ஒன்றினாலேயே காப்பாற்றப்பட்டவர் என்பதை ஒரு நாவலாசிரியர் எழுதியிருந்தால், கட்டிவிட்ட கதை என்று நாம் தள்ளியிருப்போம்.

நிற்க. தானாசிமஸ் டூபியஸுக்கு அதன் இனப்பெயரைக் கொடுத்தவர் லாத்ரேய் அல்லர். அவருக்கு ஒரு தலைமுறை முந்தியவரும், ஸ்வீடன் தேசத்து லின்னேயஸிடம் நேரில் பயின்றவரும், கீல் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தவருமான யோஹான் கிறிஸ்டியன் ஃபாப்ரிசியஸ் என்ற டென்மார்க் நாட்டவர், 1770-களில் அதை முதன்முதலாக விவரித்தார். ஏறத்தாழ 10,000 பூச்சியினங்களுக்குப் பெயர் வைத்த அந்தப் பேராசிரியர், தம் குருவைப் போலச் சிறகுகளை மட்டும் பார்த்து வகைப்படுத்தாமல், வாயுறுப்புக்களின் அமைப்பைக்கொண்டு பூச்சிகளைப் பிரிக்க வேண்டும் என்று வாதாடியவர். ஐரோப்பாவில் வாழும் டூபியஸின் தாயாதியை லின்னேயஸ் 1758-இல் விவரித்தபோது, அட்டலபஸ் என்ற பேரினத்தில் சேர்த்திருந்தார். இன்றோ அட்டலபஸ் என்ற பெயர் இலையைச் சுருட்டி அதற்குள் முட்டையிடும் கூன்வண்டுகளுக்கு உரியது. வேட்டை வண்டுக்கும் அவற்றுக்கும் வண்டாகப் பிறந்தது ஒன்றைத் தவிர வேறு நெருக்கம் அதிகமில்லை. வகைப்பாட்டு நூலைச் சிலர் அசையாத அலமாரி என்று நினைக்கிறார்கள்; அதைத் திறந்து பார்த்தால், ஒவ்வொரு தலைமுறையும் முந்தைய தலைமுறை அடுக்கிவைத்ததை எடுத்து வேறு தட்டில் வைத்துக்கொண்டிருப்பது தெரியும்.

இப்போதைய ஏற்பாட்டின்படி, வண்டுகளின் வரிசையான கோலியாப்டிராவில், பாலிஃபாகா என்ற துணைவரிசையில், கிளெராய்டியா என்ற பெருங்குடும்பத்தில், கிளெரிடே குடும்பத்தின் கிளெரினே என்ற துணைக்குடும்பத்தில் தானாசிமஸ் அமைந்திருக்கிறது. உணர்கொம்பின் நுனி எவ்வளவு தடித்திருக்கிறது, கண்ணின் விளிம்பில் வெட்டு எங்கே விழுந்திருக்கிறது, வாயின் சிறு உணரிகளின் கடைசிக் கணு கோடரி வடிவில் விரிந்திருக்கிறதா இல்லையா, பாதக்கணுக்களின் அடியில் மடல்கள் எத்தனை என்ற அடையாளங்களை உருப்பெருக்கியின் கீழ்வைத்துப் பார்த்தே இவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கிறார்கள். நிறத்தை மட்டும் நம்பினால் அமெரிக்கக் காடுகளிலேயே வாழும் ஈனோக்ளீரஸ் பேரினத்து வண்டுகளோடு குழம்பிப்போக நேரும். வட அமெரிக்கக் கிளெரிடேக்களுக்கு ஆல்பர்ட் பர்க் உல்காட் என்பவர் தயாரித்து, சிக்காகோ இயற்கை வரலாற்றுக் காட்சிசாலை 1947-இல் வெளியிட்ட அட்டவணை பல்லாண்டுகள் ஆராய்ச்சியாளர்களின் கையேடாக விளங்கியது. பிற்காலத்தில் மரபணுக்களை ஒப்பிடும் முறை வந்தபின், கிளெரிடேயின் கிளைகள் சிலவற்றைத் தனிக் குடும்பமாகப் பிரிப்பதா சேர்த்தே வைப்பதா என்ற விவாதம் எழுந்தது; தானாசிமஸின் இடம் அந்த விவாதத்தில் அசையவில்லை.

தானாசிமஸ் பேரினம் பூமியின் வடபாதிக்கே உரியது. ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் சில இனங்கள், வட அமெரிக்காவில் சில இனங்கள். பூமத்திய ரேகையைத் தாண்டித் தெற்கே இயற்கையாக வாழ்வது ஒன்றும் இல்லை. காரணம் எளிது: ஊசியிலை மரங்களைத் துளைக்கும் பட்டை வண்டுகளே இவற்றின் ஆகாரம், அந்த மரங்கள் காடுகளாக நிறைந்திருக்கும் பிரதேசம் வடபாதி. டூபியஸ் கனடாவின் கிழக்கு மாகாணங்களிலிருந்து, பேரேரிகளைச் சூழ்ந்த விஸ்கான்ஸின் முதலிய மாநிலங்களின் வழியாக, அட்லாண்டிக் கரையோரம் முழுவதும் இறங்கி, தெற்கே ஃப்ளாரிடாவையும், மெக்ஸிகோ வளைகுடாவையொட்டி டெக்ஸாஸின் கிழக்குப் பகுதியையும் எட்டுகிறது. வடக்கே ஆறு மாதம் பனி மூடிக் கிடக்கும் சிவப்புப் பைன் காடும், தெற்கே குளிர்காலத்திலும் பூச்சிகள் பறக்கக்கூடிய லாப்லாலி பைன் காடும் இதற்கு ஒன்றாகவே படுகின்றன. ஆனால் டெக்ஸாஸின் கிழக்குக் காடுகள் முடிந்து, மரமே இல்லாத புல்வெளிகள் தொடங்கும் இடத்தில் அதன் ராஜ்யமும் முடிந்துவிடுகிறது. குளிரும் வெயிலும் நிறுத்தாத வண்டை, பைன் மரம் இல்லாத சில நூறு மைல் நிறுத்திவிடுகிறது.

அந்தப் புல்வெளிகளுக்கு அப்பால் ராக்கி மலைத்தொடரில் மறுபடியும் பைன், ஸ்ப்ரூஸ் மரங்கள் தோன்றுகின்றன. அங்கே இதே வேலையைச் செய்வது தானாசிமஸ் அண்டாட்டுலஸ் என்ற மற்றோர் இனம். அமெரிக்கப் பூச்சியியலின் தந்தை என்று போற்றப்படும் தாமஸ் சே விவரித்த இனம் அது; அலாஸ்கா தொடங்கி, கனடாவின் வடகோடி ஊசியிலைக் காடுகளின் வழியே கிழக்குவரை அதன் பரவல் நீண்டு, கிழக்கில் டூபியஸின் வடக்கு எல்லையோடு ஒன்றின்மேல் ஒன்றாகப் படிகிறது. தெற்கே புல்வெளி பிரித்துவைத்த கிழக்கையும் மேற்கையும் வடக்கே ஒரு காட்டுப்பாலம் சேர்த்துவைத்திருக்கிறது என்பதை, இந்த இரண்டு சகோதர இனங்களின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு விளக்கமில்லாமலே உணரலாம்.

ஆகாரத்தைப் பின்தொடர்ந்தே வண்டு வாழ்கிறது என்றால், அந்த ஆகாரத்தை அது எப்படிக் கண்டுபிடிக்கிறது? இதில்தான் சுவாரஸ்யம் இருக்கிறது. தென் மாநிலங்களில் இதன் முக்கியமான இரை, தெற்கத்திப் பைன் வண்டு எனப்படும் டென்ட்ராக்டோனஸ் ஃப்ரன்டாலிஸ். 2 முதல் 4 மில்லிமீட்டர் நீளமே உள்ள அந்த வண்டு தனியாக ஒரு மரத்தையும் கொல்ல முடியாது. பட்டையில் துளையிட்டவுடன் மரம் பிசினைப் பெருக்கி அதை மூழ்கடித்துவிடும். ஆகையால் முதலில் வந்து இறங்கும் பெண்வண்டு, ஃப்ரன்டாலின் என்ற வாசனைப் பொருளைக் காற்றில் விட்டுத் தன் இனத்தாரை அழைக்கிறது. மரத்தின் காயத்திலிருந்து கசியும் டர்பன்டைன் மணமும் அதனோடு கலக்கிறது. ஆயிரக்கணக்கான வண்டுகள் ஓரிரு நாட்களில் வந்து மொய்த்து, பிசின் வற்றும்வரை துளைத்து, பட்டைக்குள் பாம்புபோல் நெளிந்த பாதைகளைக் குடைந்து மரத்தை வீழ்த்துகின்றன. அந்த அழைப்பு இனத்தாருக்கு மட்டும் கேட்டிருந்தால் காடு என்றோ அழிந்திருக்கும். ஆனால் அதே வாசனையைக் கேட்டுத் தானாசிமஸ் டூபியஸும் பறந்துவருகிறது. விருந்துக்கு அழைக்கப்படாமலே, விருந்தாளிகள் வந்து சேரும்போதே வந்து, வாசலில் காத்திருக்கிறது. 1970-இல் ஜே. பி. விட்டே, டி. எல். வில்லியம்சன் என்ற இருவர் இந்த உண்மையை வெளியிட்டார்கள். அதன்பின், ஃப்ரன்டாலினையும் டர்பன்டைனையும் கண்ணாடிக் குப்பியில் வைத்துத் தொங்கவிட்டால், மரமே இல்லாத இடத்திலும் இந்த வேட்டைக்காரன் வந்து இறங்குவதைக் காணலாயிற்று.

வடக்கே விஸ்கான்ஸின் காடுகளில் ஃப்ரன்டாலிஸ் கிடையாது. அங்கே இப்ஸ் பைனி என்ற வேறொரு பட்டை வண்டின் வாசனையைக் கேட்டுத் தானாசிமஸ் வருகிறது; பெரிய பரப்பில் வாழ்வதற்கு ஒரே இரையை நம்பியிராத இந்தத் தாராள மனப்பான்மையே காரணம். இரையும் சும்மா இருக்கவில்லை. அந்தப் பகுதியின் இப்ஸ் பைனி தன் வழக்கமான வாசனையுடன் லானியரோன் என்ற இன்னொரு பொருளையும் சிறிதளவு சேர்த்து வெளியிடுகிறது. அதைக் கலந்து பொறி வைத்தால் இப்ஸ் வண்டுகள் பன்மடங்கு அதிகமாக வருகின்றன, தானாசிமஸின் வரத்தோ அதற்கேற்ப உயர்வதில்லை. எதிரிக்குப் புரியாத ஒரு சங்கேத பாஷையை அவை வகுத்துக்கொண்டன என்று சொல்லலாம்.

மரத்தில் இறங்கிய தானாசிமஸின் வேட்டை சிறிதும் நாசூக்கானதன்று. வந்திறங்கும் பட்டை வண்டை முன்னங்கால்களால் பற்றி, புரட்டி, கழுத்தும் உடலும் சேரும் மெல்லிய மூட்டைக் கடித்துத் திறந்து, உள்ளேயுள்ள மென்சதையைத் தின்றுவிட்டு, கெட்டியான கூட்டையும் இறகுகளையும் பட்டையின்மேலேயே உதறிவிட்டு அடுத்ததை நோக்கி ஓடுகிறது. நாளொன்றுக்கு இரண்டு வண்டுகளைச் சுமாராகத் தின்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். பெண்வண்டு இடையிடையே பட்டையின் பிளவுகளில் முட்டையிடுகிறது. அவற்றிலிருந்து வெளிவரும் ஊதா கலந்த இளஞ்சிவப்புப் புழுக்கள், பட்டை வண்டுகள் புகுந்த துளைகளின் வழியாகவே உள்ளே நுழைந்து, இருட்டுச் சுரங்கங்களில் தாயின் தொழிலைத் தொடர்கின்றன; தாய் வெளியே தின்றது பெற்றோர்களை, குழந்தைகள் உள்ளே தின்பது அவற்றின் சந்ததியை.

இந்த இடத்தில் ஒரு விசேஷம் உண்டு. தெற்கே பட்டை வண்டு முட்டையிலிருந்து முழு வண்டாவதற்குக் கோடைக்காலத்தில் ஏறக்குறைய ஒரு மாதமே ஆகும். ஓர் ஆண்டில் பல தலைமுறைகளைக் கண்டுவிடும். தானாசிமஸோ அவசரப்படுவதில்லை. அதன் புழு பட்டையின் வெளிப்புறத்தில் சிறு அறை அமைத்துக்கொண்டு, சில சமயம் அதே ஆண்டில், சில சமயம் மறு வசந்தத்தில், சில சமயம் இரண்டாண்டுக்குச் சற்றுக் குறைவாகவும் காத்திருந்து வண்டாகி வெளிவருகிறது. ஆதலால் இரை பெருகும்போது வேட்டைக்காரன் பின்தங்கிவிடுகிறான்; அவன் பெருகி நிறையும்போது இரை குறையத் தொடங்குகிறது. டெக்ஸாஸில் பட்டை வண்டின் தொல்லை பல ஆண்டுகளுக்கொருமுறை ஏறி இறங்குவதற்கு இந்தக் கால வித்தியாசமும் ஒரு காரணமா என்ற கேள்வியை, பீட்டர் டர்ச்சின், ஆண்ட்ரூ டெய்லர், ஜான் ரீவ் ஆகிய மூவரும் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதித்தனர். சில மரங்களில் வேட்டையாடும் பூச்சிகள் நுழையாதபடி வலைக்கூண்டிட்டு, மற்றவற்றைத் திறந்துவிட்டு, இரண்டிலும் பிழைத்த பட்டை வண்டுகளை எண்ணினர். பட்டை வண்டு பெருகும் பருவத்தில் வேட்டைக்காரரால் நேர்ந்த சேதம் சொற்பமாகவும், அது உச்சத்தை அடைந்து இறங்கும் பருவத்தில் மிகுதியாகவும் இருந்தது. 1999-இல் 'சயன்ஸ்' பத்திரிகையில் வெளியான இந்த முடிவு, பூகோளப் படத்தில் ஒரே வண்ணமாகத் தீட்டப்பட்ட பிரதேசத்திற்குள்ளேயே, ஓராண்டில் செறிந்தும் மறு ஆண்டில் நீர்த்தும் அந்த வண்ணம் மாறிக்கொண்டிருக்கிறது என்பதையல்லவா சொல்கிறது?

டெக்ஸாஸ் வனத்துறையார் இந்த உண்மையைக் காரியத்துக்கும் பயன்படுத்திக்கொண்டார்கள். 1980-களிலிருந்து ரொனால்ட் பில்லிங்ஸ் என்பவர் வகுத்த முறைப்படி, 'டாக்வுட்' என்ற சிறுமரம் பூக்கும் வசந்தகால வாரங்களில், ஒன்றன்கீழ் ஒன்றாகப் புனல்களை அடுக்கிய பொறிகளில் வாசனைப் பொருளைத் தொங்கவிட்டு, விழும் பட்டை வண்டுகளையும் தானாசிமஸ்களையும் தனித்தனியே எண்ணுகிறார்கள். பட்டை வண்டுகளின் விகிதம் ஓங்கியிருந்தால் அவ்வாண்டு தொல்லை பெருகும். வேட்டை வண்டுகளின் விகிதம் ஓங்கியிருந்தால் தணியும். பூ மலர்வதைக் கடிகாரமாக வைத்துக்கொள்ளும் இந்த ஏற்பாடு ஆண்ட்ரூ டெல்மார் ஹாப்கின்ஸ் என்பவரை நினைவூட்டுகிறது. வடக்கே ஓர் அட்சரேகைக்கும், கிழக்கே ஐந்து தீர்க்கரேகைக்கும், உயரத்தில் 400 அடிக்கும் வசந்தம் நான்கு நாள் பின்தள்ளிப்போகிறது என்ற கணக்கை வெளியிட்டவர் அவரே.

அதே ஹாப்கின்ஸ், இளமையில் மேற்கு வர்ஜீனியாவின் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியபோது, பட்டை வண்டுகள் அம்மாநிலத்தின் பைன் காடுகளைச் சூறையாடியதைக் கண்டு, 1892-இல் ஜெர்மனிக்குக் கப்பலேறினார். லின்னேயஸ் விவரித்த ஐரோப்பியத் தாயாதியான தானாசிமஸ் ஃபார்மிகாரியஸை உயிருடன் ஏராளமாகச் சேகரித்து வந்து அமெரிக்கக் காடுகளில் விட்டார். அந்தக் குளிர்காலம் என்றுமில்லாத கடுமையுடன் வந்தது. பட்டை வண்டுகள் குளிரிலேயே மாண்டொழிந்தன, தொல்லை நீங்கியது, ஆனால் ஐரோப்பிய வண்டும் வேரூன்றவில்லை. வேட்டைக்காரனை வெளிநாட்டிலிருந்து தருவிக்க முயன்ற அந்தக் காட்டில், உள்நாட்டு டூபியஸ் ஏற்கெனவே இருந்தது என்பதை நினைக்கும்போது எனக்கு அனுதாபமும் சிரிப்பும் ஒருசேர வருகின்றன.

ஹாப்கின்ஸுக்கு உதவிய அந்தக் குளிர் இப்போது தளர்ந்துவருகிறது. மைனஸ் 16 டிகிரி சென்டிகிரேடையொட்டிய கடுங்குளிரே தெற்கத்திப் பைன் வண்டுக்கு வடக்கெல்லையாக இருந்துவந்தது. அத்தகைய இரவுகள் அருகிவிட்டமையால், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூ ஜெர்ஸியில் அது பெருகி, 2014-இல் நியூயார்க்கின் லாங் ஐலண்டிலும், 2015-இல் கனெக்டிகட்டிலும் தலைகாட்டியது. இரை புதிய நாட்டுக்குக் குடியேறிய செய்தி. வேட்டைக்காரனுக்கோ அது புதிய நாடன்று. இப்ஸ் வண்டுகளைத் தின்றுகொண்டு அந்த வடக்குக் காடுகளில் அது காலங்காலமாக வாழ்ந்துவருகிறது. இருப்பினும், இரை பெருகிய பிறகே தான் பெருகும் அதன் சுபாவத்தை எண்ணி, அங்குள்ள வன அதிகாரிகள் அதை மட்டும் நம்பிக் கைகட்டி நிற்காமல், நெருங்கி நிற்கும் மரங்களைக் களைந்தும் தாக்கப்பட்ட மரங்களை வெட்டியும் வருகிறார்கள். வெட்டும்போது அவர்கள் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. பட்டை வண்டு வெளியேறிப்போன பின்னும் வெறுமையாய்ச் செத்து நிற்கும் மரத்தின் வெளிப்பட்டையில் தானாசிமஸின் புழுக்கள் தங்கியிருக்கின்றன. பட்டை வண்டு இன்னும் உள்ளேயுள்ள மரத்தை வெட்டுவது நல்லது; அது காலிசெய்துவிட்ட மரத்தையும் சேர்த்து வெட்டிக் கொளுத்துவதானால், அடுத்த ஆண்டு வரவிருக்கும் வேட்டைக்காரர்களையும் கொளுத்துவதாகும். ஆகையால் காலிமரங்களை அப்படியே நிற்கவிடும்படி தென் மாநிலங்களில் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள்.